இருபத்தோராவது நிமிடம்

அசையக் கூடாது. இந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு அது ஒன்றுதான் வேலை. மூச்சு விடலாம், கண்ணைச் சிமிட்டலாம், எச்சில் விழுங்காமல் இருந்தால் நல்லது, ஆனால் விழுங்கக் கூடாது என்று நினைத்த கணத்திலிருந்து வாய் முழுக்க எச்சில், நாக்கில் பழைய காசைச் சப்பினது போல ஒரு ருசி, அது இந்த எம்.ஆர்.ஐ. காந்தத்தின் ருசி, உள்ளே நுழையும்போது எல்லோருக்கும் வரும் என்று வருகிறவர்களிடம் நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், தலை லேசாகச் சுற்றும், பயப்படாதீங்க, ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று. சரியாகிவிட்டது. சுற்றல் நின்று ருசி மட்டும் இருக்கிறது. மூக்குக்கு மேலே நாலு விரல் உயரத்தில் குழாயின் கூரை. தலையைச் சுற்றி ஒரு கூண்டு. கழுத்தில், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், காயில் என்கிற கம்பிச்சுருள், நான் செய்தது. வடையளவு இரண்டு செம்பு வளையங்கள், வெள்ளை பிளாஸ்டிக் கூட்டுக்குள், தோலில் படாதபடி பஞ்சு வைத்து, பட்டையால் கட்டி, கட்டியவள் ஸ்கேன் எடுக்கிற ரெஜினா அக்கா, இறுக்கமா இருக்கா வல்லி என்று கேட்டுக் கேட்டு ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்துத்தான் கட்டினாள். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் ஏறுகிற குழாய்கள். அந்த ரத்தம் வளையத்துக்குக் கீழே போகும்போது காயில் ரேடியோ அலையால் அதற்கு ஓர் அடையாளம் போட்டு அனுப்பும். அடையாளத்தோடு ஒரு படம், அடையாளம் இல்லாமல் ஒரு படம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது மூளைக்குப் புதிதாய் வந்து சேர்ந்த ரத்தம் மட்டும். நூற்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். அந்த ஒரு பங்கைப் பிடிக்கத்தான் இவ்வளவு பெரிய காந்தம், இரண்டு வருஷம், இந்தக் கழுத்துக் காயில். மூன்று விநாடி அமைதி, அப்புறம் அரை விநாடி தகரத்தைக் கிழிக்கிற அலறல். மறுபடியும் மூன்று விநாடி அமைதி. அலறும்போது படம் எடுக்கிறது, அதில் பயப்பட ஒன்றுமில்லை. அமைதியில்தான் என் காயில் வேலை செய்கிறது. அதுவும் ஒன்றுவிட்டு ஒன்றில். ஓர் அமைதியில் கழுத்துக்கு மின்சாரம் வருகிறது, அடுத்த அமைதியில் வருவதில்லை. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் அமைதியிலிருந்து விடாமல் எண்ணிக்கொண்டு வந்தால்தான் எது எது என்று தெரியும். நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். இது மின்சாரம். இது இல்லை. இது மின்சாரம். வலது கையில் ரப்பர் பந்து. முடியவில்லை என்றால் அமுக்க வேண்டியது, அமுக்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கும், ரெஜினா அக்கா உடனே நிறுத்திவிடுவாள். என் உள்ளங்கை வேர்த்து பந்து வழுக்குகிறது.

நானே படுக்கிறேன் என்று நான் சொன்னபோது கூட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டார்கள். குழந்தையை வைப்பதற்கு முன்னால் ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் முழு நேரமும் இந்தக் காயிலோடு படுத்து எழ வேண்டும் என்பது பாதுகாப்புக் குழு போட்ட நிபந்தனை. யாரையாவது கேட்கலாம் என்று டாக்டர் ஹேமலதா சொன்னார், படிக்கிற பிள்ளைகள் யாராவது வருவார்கள் என்று. வேண்டாம் டாக்டர், செய்தவள் நான், நானே படுக்கிறேன் என்றேன். செண்பகவல்லி மாதிரி பொறியாளர்தான் வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் மேஜையைத் தட்டினார்கள். நான் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். வேறொருவரைப் படுக்க வைக்க எனக்குத் துணிவில்லை என்பதுதான் அதில் இருந்த ஒரே உண்மை. இது மின்சாரம். இது இல்லை. திங்கட்கிழமை அந்தக் குழந்தை வருகிறாள். கனிஷ்கா, ஒன்பது வயசு, தர்மபுரிப் பக்கம். அப்பா மாதப்பன் பால் வண்டி ஓட்டுகிறார். மூளைக்குள் ரத்தக் குழாய் தானாகவே சுருங்கிக்கொண்டு போகிற வியாதி. அழுதால் வலது கை தொங்கிவிடுகிறது, சூடான சாதத்தை ஊதினால் கூடத் தொங்கிவிடுகிறது, பத்து நிமிஷத்தில் திரும்பி வருகிறது, எத்தனை தடவை திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் எவ்வளவு ரத்தம் போகிறது என்று தெரிந்தால்தான் அறுவை சிகிச்சையை எங்கே எப்படிச் செய்வது என்று தீர்மானிக்க முடியும். போன வருஷம் ஸ்கேனுக்காக ஒரு சாய ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்துப்போனதாம், அதனால் இனி ஊசியே வேண்டாம் என்றுதான் எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஊசி இல்லாமல் ரத்தத்தை அளக்கிற காயில். ஆனால் ஒன்பது வயசுக் குழந்தை நாற்பது நிமிஷம் அசையாமல் படுக்காது. மருந்து கொடுத்துத் தூங்கவைத்துத்தான் உள்ளே தள்ளுவார்கள். அவள் கையில் பந்து இருக்காது. இருந்தாலும் அமுக்க மாட்டாள். சுட்டால் சொல்ல மாட்டாள். இதை நான் எப்போது யோசித்தேன், காயில் சுடாது என்ற தாளில் கையெழுத்துப் போட்ட பிறகா, முன்னாலா. பிறகுதான். இல்லை, முன்னாலும் தெரியும், தெரிந்தது, ஆனால் யோசிக்கவில்லை, தெரிவது வேறு யோசிப்பது வேறு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலறல் நின்றுவிட்டது. காதுக்குள் ரெஜினா அக்காவின் குரல், ரெண்டாவது பத்து முடிஞ்சது வல்லி, எப்படி இருக்கே. நல்லா இருக்கேன் என்கிறேன். மூணாவது ஆரம்பிக்கிறேன் என்கிறாள். இருபது நிமிடம் ஆகிவிட்டது. இதுவரைக்கும் எனக்குத் தெரிந்த ஊர், இனிமேல் தெரியாத ஊர். அமைதி. இது மின்சாரம். குழுவுக்குத் தாள் அனுப்புவதற்கு முந்தின வியாழக்கிழமை ஜெல் புட்டியைக் கழுத்துக்குப் பதிலாக வைத்துச் சூடு பார்த்தேன், உடம்பின் சதை மாதிரியே சூடாகிற ஜெல், அதற்குள் மூன்று இடத்தில் மயிரிழைக் கம்பிகள், நிமிஷத்துக்கு ஒரு தடவை எத்தனை டிகிரி என்று திரையில் வரும். நாற்பது நிமிஷம் ஓட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. முதல் இருபது நிமிஷத்தில் கோடு தரையில் போட்ட பாய் மாதிரி கிடந்தது, இருபத்திரண்டு புள்ளி ஆறு, இருபத்திரண்டு புள்ளி ஆறு, ஏழு, ஆறு. கதவுக்கு வெளியே, எனக்கு அடுத்து காந்தம் வேண்டிய வேறொரு ஆராய்ச்சியின் ஆள் நின்றுகொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைக் கூடப் பார்க்கவில்லை. அவர் நின்ற விதத்தில் ஒரு பொறுமை இருந்தது, அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் இருபது நிமிஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரி மேடம் என்று போய் டீ குடித்துவிட்டு வந்திருப்பார். சொல்லவில்லை. நிறுத்தினேன். சனிக்கிழமை வந்து மிச்சத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன், சனிக்கிழமை விருதுநகரில் நாத்தனார் மகள் கல்யாணம், ஞாயிறு திரும்பவே இரவாகிவிட்டது, திங்கள் காலை பதினோரு மணிக்குக் குழுவுக்குத் தாள் போக வேண்டும். ஒன்பது மணிக்கு உட்கார்ந்து மிச்ச இருபது வரிகளை நிரப்பினேன். ஒரு வரிக்கு மூன்று எண், அறுபது எண்கள். கோடு எப்படியும் அப்படியேதான் போயிருக்கும், இருபது நிமிஷம் ஏறாதது அப்புறம் ஏன் ஏறப்போகிறது, என்று எனக்கு நானே சொன்னது எல்லாம் நியாயமாகக்கூட இருந்தது. ஆனால் நான் கடைசி எண்ணையே திரும்பத் திரும்ப எழுதவில்லை. அதுதான் தொண்டையில் நிற்கிறது. ஓரிடத்தில் ஆறு, ஓரிடத்தில் ஏழு, இரண்டு ஆறு, ஓர் ஐந்து, மறுபடி ஏழு. நிஜமான கருவி எப்படித் தடுமாறுமோ அப்படித் தடுமாற வைத்தேன். ஒரே எண்ணை எழுதியிருந்தால் சோம்பேறி. ஏற்றி இறக்கி எழுதியவளுக்கு என்ன பெயர். அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ரசனைகூட இருந்தது, இங்கே ஒரு ஐந்து வந்தால் நன்றாயிருக்கும் என்று. இது இல்லை. இது மின்சாரம்.

இடது பக்கம். தாடை எலும்புக்குக் கீழே ஒரு காசளவு இடம். வெதுவெதுப்பு மாதிரி. இல்லை, பட்டை உரசுகிறது. உரசவில்லை, நான் அசையவே இல்லை. வேர்வையாக இருக்கும், பஞ்சு வேர்வையை வெளியே விடாது. ஆனால் வலது பக்கம் அப்படி இல்லையே, அங்கேயும் அதே பஞ்சுதான், ஒரே தாளிலிருந்து நான் வெட்டினது. இதயம் அடிப்பது காயிலுக்குள் கேட்கிறது போல இருக்கிறது, கழுத்து நரம்பு பிளாஸ்டிக்கில் முட்டி முட்டித் திரும்புகிறது. இது மின்சாரம் என்று எண்ணும்போது சுடுகிறது, இது இல்லை என்று எண்ணும்போது ஆறுகிறது, அப்படியானால் நிஜம்தான் என்று நினைத்த உடனே எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது, எங்கோ ஓரிடத்தில் யோசனையில் ஓர் அமைதியைத் தவற விட்டிருந்தால் எல்லாமே தலைகீழ், நான் மின்சாரம் என்று நினைப்பது வெறும் அமைதி, அப்படியானால் என் தோல் நான் சொன்னதைக் கேட்டுச் சுடுகிறது. தோல் சொன்னதைக் கேட்கும். பாளையங்கோட்டையில் ஸ்கூல் ஹாஸ்டலில் முதல் வருஷம் என் கண்ணைத் துணியால் கட்டி, கோவில்பட்டிக்காரிக்குத் தீக்குச்சிதான் சரி என்று சிரித்துக்கொண்டே என் கையில் வைத்தார்கள், சுடுது என்று அலறி எழுந்து துணியை அவிழ்த்தால் கையில் ஐஸ் கட்டி உருகி ஓடிக்கொண்டிருந்தது. வலி நிஜமாகவே இருந்தது. ஐஸ் கட்டியும் நிஜம். இப்போது கழுத்தில் இருப்பது எது. இரண்டு வளையத்துக்கும் ஒவ்வொரு டயோடு, அலறல் வரும்போது காயிலை ஊமையாக்குகிற சின்னப் பூட்டு, அரிசியளவுதான் இருக்கும். அது பழுதாகிக்கொண்டிருந்தால் பெரிய காந்தக் கூண்டின் சக்தி என் செம்புக்குள் ஏறும். குளிராக இருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, மெல்லச் சூடேறி, சூடேறினதால் இன்னும் பலவீனமாகி, அதனால் இன்னும் சூடேறி. அப்படி நடக்க எவ்வளவு நேரம் ஆகும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் நாற்பது நிமிஷம் ஓட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் எங்கேயோ சுட்டுக்கொண்ட பிறகுதான் அந்த நாற்பது என்ற எண் வந்திருக்கும்.

பந்தை அமுக்கினால் என்ன ஆகும். வெளியே இழுப்பார்கள், என்ன ஆச்சு என்பார்கள், சுட்டது என்பேன், ஜெல்லில் ஒன்றும் தெரியலையே என்பார்கள், அப்போது நான் பதில் சொல்ல வேண்டும். அமுக்காவிட்டால் இன்னும் பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான், நான் எழுந்து போவேன், கழுத்தில் சிவப்பு இருந்தால் அதைக் காட்டி இடது வளையத்தைத் திருத்துகிறேன் என்று சொல்லலாம், யாரும் பழைய தாளை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். சிவப்பு இல்லாவிட்டால். சிவப்பு இல்லாவிட்டால் திங்கட்கிழமை. என்னைப் போலவே அப்பாவும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். என்னைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது ரயிலிலேயே அவருக்கு வலது கை மரத்துப்போயிருந்தது, டீ டம்ளரை இடது கையில் வாங்கினார், ஏம்பா என்றதற்கு ஒண்ணுமில்லை, கையை மடக்கி வச்சுப் படுத்துட்டேன் என்றார். இரண்டு நாள் ஒண்ணுமில்லை. என் இடம் உறுதியான பிறகு மூன்றாம் நாள் ஒரு கடை வாசலில் உட்கார்ந்தவர் எழவில்லை. அப்புறம் பக்கவாதத்தோடு பதினோரு வருஷம் இருந்தார். சரி என்ற ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. சாப்பிட்டியாப்பா, சரி. வலிக்குதா, சரி. அம்மா செத்துப்போனதைக் காதருகே சொன்னபோதும் சரி என்றார், சொல்லிவிட்டு அழுதார். அவருக்கு மறைக்க ஒரு காரணமாவது இருந்தது, என் படிப்பு. எனக்கு என்ன, கதவுக்கு வெளியே ஒருவர் பொறுமையாக நின்றார். சுடுகிறது. இல்லை. இருக்கிறது. அலறல் நிற்கிறது. மூணாவதும் முடிஞ்சது, எப்படி இருக்கே வல்லி, படம் ரொம்ப அழகா வருது என்கிறாள் ரெஜினா அக்கா. நல்லா இருக்கேன் என்கிறது வாய். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது, பழக்கம். ரெஜினா அக்கா கொஞ்சம் தயங்குகிறாள், நாடித் துடிப்பு திரையில் அவளுக்குத் தெரியும், நூற்றுப் பத்துக்கு மேல் இருக்கும், குடிக்கத் தண்ணி வேணுமா என்று கேட்கிறாள், வேண்டாம், முடிச்சுடலாம் என்கிறேன். நாலாவது பத்து. அமைதி. எண்ணிக்கை போய்விட்டது, முதலிலிருந்து எண்ண முடியாது, இனி எந்த அமைதி எது என்று எனக்குத் தெரியாது. எல்லா அமைதியும் சுடுகிறது. காசளவு இடம் இப்போது அகலமாகி காது வரை வந்திருக்கிறது. பொறுத்துக்கொள் என்று சொல்கிறேன், ஏழெட்டு நிமிஷம், கொப்புளம் வந்தால்கூடப் பரவாயில்லை, கொப்புளம் வந்தால் நல்லது, கொப்புளம் வந்தால் எனக்குப் பதிலாக அது பேசும், நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இப்படி நினைத்தவுடன் உடம்பெல்லாம் ஒருமுறை குளிர்ந்துபோகிறது. ஒரு கொப்புளத்தை வேண்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். நான் பேசாமலிருக்க என் தோல் பொசுங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இதைத் தைரியம் என்று கணக்கில் வைத்துக்கொண்டு. சுடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் விஷயம். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று எழுதினேன். சுட்டாலும் ஐஸ் கட்டியாக இருந்தாலும் அந்த அறுபது எண்கள் அப்படியேதான் இருக்கும். பந்து வழுக்குகிறது. விரல்களை மடக்குகிறேன். அமுக்குகிறேன்.

அலறல் பாதியில் அறுந்து நிற்கிறது. படுக்கை வெளியே நகர்கிறது, தலை சுற்றுகிறது, ரெஜினா அக்கா ஓடி வந்து கூண்டைத் தூக்கி, பட்டையை அவிழ்த்து, என்ன என்ன என்கிறாள். இடது பக்கம் சூடு மாதிரி இருந்தது என்கிறேன். அவள் புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துப் பார்க்கிறாள், டார்ச் அடித்துப் பார்க்கிறாள், பின்னாலேயே வந்த டாக்டர் ஹேமலதாவும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். ஒன்றுமில்லை. சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை, பட்டையின் வரி மட்டும் இருக்கிறது. நாடி எகிறிப்போயிருந்ததே, பதட்டம்தான் என்கிறார் டாக்டர், உள்ளே படுத்தால் யாருக்கும் வருவதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உன் காயிலை உன் கழுத்திலேயே கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வராது. முப்பத்துமூன்று நிமிஷம் போயிருக்கிறது, மிச்சத்தை நாளைக்கு முடித்துவிடலாம் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, முதலில் படத்தைப் பார் என்று கையைப் பிடித்துக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போகிறார். திரையில் என் மூளை. இரண்டு பக்கமும் சமமாக, ஓரமெல்லாம் பிரகாசமாக, உள்ளே மங்கலாக, ரத்தம் போய்ச் சேருகிற இடமெல்லாம் தெரிகிறது. ஊசி இல்லாமல் இவ்வளவு தெளிவாக நான் இதுவரை பார்த்ததில்லை என்கிறார் டாக்டர். அவர் குரலில் நிஜமான சந்தோஷம். நான் அதைப் பார்க்கிறேன், என் கையால் செய்த காயில் எடுத்த படம், இரண்டு வருஷமாக இந்த ஒரு படத்துக்காகத்தான் இருந்தேன், அழகாகத்தான் இருக்கிறது. கழுத்தில் சாட்சி ஒன்றும் இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. ரெஜினா அக்கா தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். குடிக்கிறேன். டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்கிறேன், "டாக்டர், ஜெல் டெஸ்டை நான் இருபது நிமிஷம்தான் ஓட்டினேன். மிச்ச இருபது நிமிஷத்துக்கு எண்களை நானே போட்டேன்." அவருக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொல்கிறேன். ரெஜினா அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, எழுந்தது எதற்கென்று தெரியாமல் மறுபடியும் உட்காருகிறாள். டாக்டர் திட்டவில்லை. அந்தத் தாளைத் திரையில் எடுக்கச் சொல்கிறார், கண்ணாடியைக் கீழே இறக்கி இருபத்தோராவது வரியிலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து இறங்கிக்கொண்டே வருகிறார், நாற்பது வரை. அவசரமே இல்லை. அப்புறம் திரையைப் பார்த்தபடியே கேட்கிறார், "ஒரே எண்ணையே போட்டிருக்கலாமே. ஏன் ஏத்தி இறக்கிப் போட்டே?" வேறு எதைக் கேட்டிருந்தாலும் காரணம் சொல்லியிருப்பேன். "நம்பணும்னுதான்" என்கிறேன்.

அன்று மத்தியானமே மறுபடி ஜெல் வைத்து ஓட்டினோம். ஓட்டினோம் என்று சொல்லக் கூடாது, நான் எதையும் தொடவில்லை, தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சுவரோரம் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ரெஜினா அக்கா எண்களைப் படித்தாள், டாக்டரே ஒரு நோட்டில் பேனாவால் எழுதினார். இருபது வரை பாய் மாதிரிதான் கிடந்தது. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. ஏறவில்லை. ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு வருஷம் கண்ணும் கருத்துமாகச் செய்த காயில் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று, நான் அமுக்கியதற்கு ஒரு நியாயம் வேண்டும் என்று. அப்படி நினைப்பது தெரிந்ததும் அதை நிறுத்தப் பார்த்தேன், நிறுத்த முடியவில்லை. இருபத்தேழில் இடது கம்பி ஒரு புள்ளி ஏறியது. இருபத்தெட்டில் இன்னொன்று. அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் ஒரு புள்ளி, ரெஜினா அக்காவின் குரல் தாழ்ந்துகொண்டே போனது, நாற்பதில் ஒன்று புள்ளி நாலு டிகிரி ஏற்றம். எனக்குள் எதுவோ துள்ளியது, பார்த்தீர்களா என்று, வெட்கம் கெட்ட சந்தோஷம், உதட்டைக் கடித்துக்கொண்டேன். எல்லைக்கு மேலேதான், ஆனால் கொஞ்சம்தான். பெரியவர் கழுத்தில் அது வெதுவெதுப்பாகத் தெரிந்திருக்கும், மயக்கத்தில் கிடக்கிற ஒன்பது வயசுக் குழந்தையின் கழுத்தில் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம், தோல் வழன்றும் போயிருக்கலாம், அதை யாராலும் சொல்ல முடியாது. இடது பக்க டயோடு. டாக்டர் நோட்டை மூடினார். இதைக் குழுவுக்கு நான் எழுத வேண்டும், நீ செய்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றார். எழுதுங்கள் என்றேன். இனி சூடு பார்ப்பதும் கையெழுத்தும் வேறு ஆள், காயிலைத் திருத்துவது மட்டும் நீ, அதற்கும் குழு ஒத்துக்கொண்டால்தான் என்றார். பிறகு தன் செல்போனில் ஒரு எண்ணை எடுத்து மேஜையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். திங்கட்கிழமை வர வேண்டாம் என்று அந்தக் குழந்தையின் அப்பாவிடம் யாராவது சொல்ல வேண்டும், நீயே சொல் என்றார்.

மணி நாலரை. மாதப்பன் எடுக்கிறார், பின்னால் வண்டி ஓடுகிற சத்தம், ஒரு நிமிஷம் மேடம் என்று ஓரங்கட்டுகிறார், சத்தம் அடங்குகிறது. கருவியில் ஒரு சின்னக் கோளாறு, தேதி தள்ளிப்போகிறது என்று சொன்னால் போதும், அதுவும் உண்மைதான், அவர் அதற்குமேல் கேட்க மாட்டார். வார்த்தைகள் அப்படியே நாக்கில் வரிசையாக நிற்கின்றன. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார். நான் யார் என்று சொல்கிறேன். பாப்பா கழுத்தில் கட்டப்போகிற கருவியைச் செய்தவள், பேர் செண்பகவல்லி. அது சுடுமா என்று நாற்பது நிமிஷம் பார்க்க வேண்டும், நான் பாதிதான் பார்த்தேன், மீதியையும் பார்த்ததாக எழுதிவிட்டேன், இன்றைக்கு முழுசாகப் பார்த்தபோது சுடுகிறது, பாப்பா தூக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள், தப்பு என்னுடையது, ஆஸ்பத்திரிக்காரர்களுடையது இல்லை. மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அந்தப் பக்கம் சாலையில் ஒரு லாரி போகிறது, இன்னொன்று போகிறது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் அழுத்துகிறேன்.

"அப்போ பாப்பாவுக்கு எப்போங்க பார்ப்பீங்க?" என்கிறார்.

தேதி ஒன்றும் என்னிடம் இல்லை. மூன்று வாரம் என்று வாய் சொல்லப் பார்க்கிறது, மூன்று வாரம் என்றால் நன்றாயிருக்கும், நம்பும்படியாகவும் இருக்கும். "தெரியலைங்க" என்கிறேன். "டயோடு மாத்தணும். மாத்தின பிறகு வேற ஒருத்தர் முழுசா டெஸ்ட் பண்ணணும். எத்தனை நாள் ஆகும்னு எனக்கு இப்போ தெரியலை."

அவர் திங்கட்கிழமைக்கென்று லீவு சொல்லி, மாற்று டிரைவரைப் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்கிறார், குறையாகச் சொல்லவில்லை, வேறு யாரிடமோ சொல்லிக்கொள்வது போல. நேற்றும் ஒருமுறை கை விழுந்துவிட்டதாம், இந்த முறை திரும்பி வர அரைமணி ஆனதாம். அதை உடனே டாக்டரிடம் சொல்கிறேன், அவர் சட்டென்று திரும்பி, நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொல், இந்தக் காயில் இல்லாவிட்டாலும் நான் பார்க்கிறேன் என்கிறார், அதை அப்படியே போனில் சொல்கிறேன். வருகிறேன் என்கிறார். வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்கிறது, வைத்துவிடுவார் என்று நினைக்கிறேன், வைக்கவில்லை.

"அந்த மெஷின் சரியானதும் எனக்கு யாரு சொல்லுவாங்க?"

ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள் என்கிறேன்.

"வேண்டாங்க" என்கிறார். "நீங்களே கூப்பிடுங்க."